பத்து நிமிடமும் ஒரு கட்டு வெற்றிலையும்

இலங்கை மலையகத்து மஸ்கெலியாப் பக்கத்து ஜூலை மழை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், லீவுக்கு வந்தவனை இஸ்தோப்பை, அதுதான் வீட்டு முன் திண்ணையை, தாண்ட விடாது. டிஷ் காலையிலேயே கண்ணை மூடிவிட்டது. சரி என்று பென்டிரைவில் ஏற்றி வந்திருந்த துப்பறியும் பொய்ரோ தொடரில் ஒன்றைப் போட்டேன். ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதை, அகதா கிறிஸ்டி எழுதி 1926இல் புத்தகமாக வந்தது, டேவிட் சூஷே நடித்து 2000இல் டிவிக்கு வந்தது.

புத்தகத்தை நான் நாலு இரவு முழித்துப் படித்தவன். கடைசி வரைக்கும் கொலைகாரனைப் பிடிக்கவில்லை. (கிட்டத்தட்ட நூறு வருடத்துக் கதை, இனிச் சொன்னால் அடிக்க வரமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.) நமக்குக் கதை சொல்லிக்கொண்டு வருகிற டாக்டரேதான் ஆள்! எட்டு நாற்பதுக்குக் கடிதங்கள் வந்தன, எட்டு ஐம்பதுக்கு நான் கிளம்பினேன் என்று கூசாமல் எழுதிவிட்டுப் போகிறார், அந்தப் பத்து நிமிடம் என்ன செய்தாய் ஐயா என்று கேட்க நமக்குத் தோன்றவே தோன்றாது. எழுத்தில் அப்படி ஒளிக்கலாம். டிவியில் அந்த மனுசன் மூஞ்சியோடு வந்து நிற்க வேண்டுமே. அதனால்தானோ என்னவோ, கொலைகாரன் எழுதிவைத்த டயரியைப் பொய்ரோ வாசிக்கிற மாதிரி மாற்றிவிட்டார்கள்.

அப்பாயி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தது. அதற்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் துரைமார் ஏசினது மட்டும்தான். ஓய்வு பெற்ற பொய்ரோ தோட்டத்தில் சுரைக்காய் மாதிரி எதையோ வளர்ப்பதைப் பார்த்து, "சப்பாத்து போட்டுக்கிட்டாடா தோட்டம் செய்வாங்க" என்று ஒரு சிரிப்பு. அப்புறம் பிணத்தைச் சுற்றி எல்லாரும் நிற்கிற காட்சி.

"அந்த டாக்டர் ஐயாதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படி அப்பாயி?"

"எல்லாரும் செத்தவரப் பார்க்குறாங்க. இவரு மட்டும் மத்தவங்க மூஞ்சியப் பார்க்குறாரு. கொழுந்து நிறுக்கையில கூடையில கைய வச்சு அமுக்குற ஒரு கணக்கப்பிள்ளை இருந்தாரு, தராசு முள்ளப் பார்க்க மாட்டாரு, நம்ம மூஞ்சியத்தான் பார்ப்பாரு. பார்த்துட்டோமா இல்லையான்னு."

முப்பது வருடம் மலையேறித் தேயிலைக் கொழுந்து பறித்த கண் அது. நாலு இரவு படித்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, "இல்ல, அவரு நல்லவரு" என்று பொய் சொன்னேன். பந்தயம் வைத்தது. ஒரு கட்டு வெற்றிலை.

பொய்ரோ எல்லாரையும் கூட்டி உட்கார வைத்துத் தொண்டையைக் கனைத்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. லயத்து வீட்டு வரிசை முழுக்க இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து, "என்னடா, டாக்டர்தானே?"

"ம்."

விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு டவுனுக்குப் போய் வெற்றிலை வாங்கி வந்தேன். வழியில், மழைக் குளிருக்கு, இரண்டே இரண்டை மடித்து வாயில் போட்டிருந்தேன், வாயையும் நன்றாகக் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பாயி கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியது. பாதியில் நிறுத்தி நிமிர்ந்தது.

"வெத்திலையப் பார்க்காம நீ எதுக்குடா என் மூஞ்சியப் பார்க்குற?"