பயமாக இருக்கிறது, பயப்படுகிறார்

ஹூண்டாய் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கத் தொடங்கிய பிறகு அந்த வட்டாரத்துக்கு வந்த உதிரிபாகக் கம்பெனிகளில் ஒன்றில் நான் கொரிய மொழிபெயர்ப்பாளர். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, உணர்ச்சியைச் சொல்லும் சொல்லோடு சேர்ந்து அதை வினையாக்கும் 'ஹாதா'வைத்தான்.

'முசொப்தா' என்றால் பயமாக இருக்கிறது. என்னைப் பற்றிச் சொல்லலாம், எதிரில் இருப்பவரிடம் கேள்வியாகக் கேட்கலாம். மூன்றாவது ஆளைப் பற்றி என்றால் அந்தப் பெயரடையை வினையாக்கி, 'முசொவொஹாதா' என்று சொல்வதுதான் வழக்கம். குளிர் 'சுப்தா', அவர் குளிரில் நடுங்கினால் 'சுவொஹாதா'. வேற்றுமையும் கூடவே மாறும்: எனக்கு மெஷின் பயம் என்றால் 'கிகே' (மெஷின்) எழுவாயாகி 'கிகேகா', அவர் மெஷினுக்குப் பயப்படுகிறார் என்றால் செயப்படுபொருளாகி 'கிகேருல்'. பயப்படாதே என்று தைரியம் சொல்லவும் வினைதான் வேண்டும்.

நம் ஆட்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். பயம் பயப்படு ஆகிறது, கஷ்டம் கஷ்டப்படு ஆகிறது, வருத்தமும் அப்படித்தான். ஆனால் 'அவனுக்குப் பயமா இருக்கு' என்றும் நாம் தாராளமாகச் சொல்வோம் இல்லையா, அங்கேதான் சறுக்குவார்கள். கொரிய மொழி அந்த இடத்தில் கறாரானது. இன்னொருவர் மனசுக்குள் இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னாரா, நீ பார்த்தாயா? சொன்னார் என்றால் 'முசொப்தேயோ', பார்த்தால் தெரிகிறது என்றால் 'முசொவொஹேயோ'. (பிடிக்கும் என்கிற 'ஜோஆஹாதா' போன்ற சில சொற்கள் விதிவிலக்கு மாதிரி. அவற்றை நம்மைப் பற்றியும் சாதாரணமாகச் சொல்வோம்.)

எங்கள் வேலையில் இந்த வித்தியாசம் உயிர்நாடி. ஒருநாள் பிரஸ் ஷாப்பில் ஒரு பையனுக்கு விரல் நசுங்கிவிட்டது. கையைத் துணியால் சுற்றிக்கொண்டு, "ஒண்ணும் இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுங்க" என்றான். சம்பளம் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கு. முகமெல்லாம் வியர்வை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் சொன்னதை மறைக்கவும் கூடாது, நான் பார்த்ததை விழுங்கவும் கூடாது.

"குவென்சாந்தேயோ. குரொந்தே மானி ஆபாஹேயோ" என்றேன். ஒன்றுமில்லை என்கிறான், ஆனால் வலியில் ரொம்பத் துடிக்கிறான். கொரிய மேலாளர் என்னிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. துணியைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தார். உடனே வண்டியை வரவழைத்து, ஆஸ்பத்திரிக்குத் தானும் கூடவே கிளம்பினார்.