முதல் முதலீடு கைக்கு வர நாலு மாசம் ஆச்சு, அது ஏன்னு சொல்றேன்

திருப்பூர்ல பனியன் கம்பெனிங்களுக்கு ஜாப் ஒர்க், அதாவது வெளிய குடுத்து செய்ய வைக்கற வேலையோட கணக்கு பாக்குற ஆப் பண்றோம். நூலு நிட்டிங்குக்கு போகும், துணியாகி டையிங் போகும், காம்பாக்டிங், கட்டிங், தையல்னு போயிட்டே இருக்கும், ஒவ்வொரு இடத்துலயும் எத்தன கிலோ போச்சு எத்தன கிலோ திரும்புச்சுன்னு சலான வச்சு பாக்கணும், அதத்தான் போன்லயே முடிக்கிற மாதிரி செஞ்சோம். 2023ல பிரைவேட் லிமிடெட்டா பதிஞ்சோம். அடுத்த வருஷம் மூணு பேர் சேந்து 40 லட்சம் போடறோம்னாங்க. அவங்க சரின்னு சொன்ன நாள்ல இருந்து நாங்க அந்த பணத்த தொட்ட நாள் வரைக்கும் நாலு மாசம். அந்த நாலு மாசத்துல ஆப் பத்தி யாரும் பெருசா கேக்கல, பூரா பேப்பர்தான்.

அவங்க வக்கீல் ஒரு எக்செல் ஷீட் அனுப்புனாங்க. பாதி கேள்விக்கு எங்க ஆடிட்டரே பதில் வச்சிருந்தார். கம்பெனி பதிஞ்ச 180 நாளுக்குள்ள ஷேர் பணத்த கம்பெனி அக்கவுண்ட்ல போட்டு ஐஎன்சி-20ஏங்கற படிவத்த ஃபைல் பண்ணணும்னு அவர் விடாம போன் போட்டு பண்ண வச்சது அப்பத்தான் அருமை தெரிஞ்சுது. நாங்க மாட்டுனது வேற கேள்வியில: ஆப்போட கோட், அதாவது எழுதுன புரோகிராம், யாருக்கு சொந்தம்?

ஆண்ட்ராய்டு ஆப்ப கம்பெனி பதியறதுக்கு முன்னாடியே ஒரு ஃப்ரீலான்ஸர் தம்பிகிட்ட குடுத்து எழுதுனோம். 85,000 ரூபா, ஜிபேல மூணு தவணை, பேச்சு பூரா வாட்ஸப்ல. காசு குடுத்தாச்சே, நம்மளுதுதானேன்னு நெனச்சேன். இல்லைங்க. 1957 காப்பிரைட் சட்டம் செக்ஷன் 17 படி சம்பளத்துக்கு வேலை பாக்கறவர் அந்த வேலையில எழுதுனா, வேற ஒப்பந்தம் இல்லாதவரைக்கும் அது கம்பெனிக்கு சொந்தம். ஃப்ரீலான்ஸர் எழுதுன கோட் எழுதுனவருக்குத்தான், அவரு எழுத்துல மாத்திக் குடுக்கற வரைக்கும். சும்மா ஒரு வரி எழுதி வாங்குனாலும் பத்தாது, எத்தன வருஷம்னு போடலன்னா செக்ஷன் 19 படி 5 வருஷம்தான், எந்தெந்த நாட்டுக்குன்னு போடலன்னா இந்தியா மட்டும்தான். வாங்குன உரிமைய ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலன்னா அதுவும் போயிரும், அப்படி போகாதுன்னு பத்திரத்துலயே எழுதியிருந்தாத்தான் தப்பிக்கும்.

தம்பி அதுக்குள்ள பெங்களூர்ல வேலைக்கு போயிட்டார். பத்திரத்த மெயில்ல அனுப்புனா ஒரு வாரம் பதிலே இல்ல. நேர்ல போனேன். "அண்ணா, இதுல கையெழுத்து போட்டா நாளைக்கு கேஸ் கீஸ்னு வந்தா என் தலையிலதானே விழும்"னார். படிச்சு பாத்தா அவர் சொல்றது சரி, எந்த பிரச்சினை வந்தாலும் முழு நஷ்டத்தையும் அவர்தான் குடுக்கணும்னு வக்கீல் ஒரு பத்தி போட்டிருந்தாங்க. அத எடுக்க வச்சோம், "நானே எழுதுனது, எங்கயும் காப்பி அடிக்கல"ன்னு அவர் தர்ற உறுதி மட்டும் வச்சோம், மேல 30,000 குடுத்தோம், போட்டுட்டார். ஆரம்பத்துலயே கேட்டிருந்தா ஒரு காசு கூட ஆகியிருக்காது.

என் பக்கமும் ஒரு சிக்கல். சர்வர் கோட்ல கொஞ்சம் நான் பழைய ஐடி வேலையில இருந்தப்பவே ராத்திரில எழுதுனது. அப்பாயின்ட்மெண்ட் லெட்டர எடுத்து பாத்தா வேலையில இருக்கற வரைக்கும் நான் உருவாக்கற எல்லாமே அவங்களுக்குன்னு இருக்கு. கோட்ல எத எப்ப எழுதுனோம்னு பதிஞ்சு வைக்கற கிட்ல (Git) தேதி பாத்தா தப்பிக்க வழியில்ல. எங்க டெவலப்பர் ஒருத்தர் பழசு பக்கமே போகாம அந்த பகுதிய புதுசா எழுதுனார், மூணு வாரம் ஆச்சு. வேலையில இருந்துட்டே ஆரம்பிக்கறவங்க தயவுசெஞ்சு அந்த லெட்டர இன்னைக்கே எடுத்து படிங்க.

இதெல்லாம் கூட பரவால்ல. கஷ்டமா இருந்தது என் காலேஜ் ஃப்ரெண்ட்கூட பேசுனதுதான். ரெண்டு பேரும் ஆளுக்கு பாதின்னு ஆரம்பிச்சோம், எட்டாவது மாசம் அவங்கப்பாக்கு முடியாம போய் அவன் ஊருக்கு போயிட்டான், ஷேர் பாதி அவன் பேர்லயே நிக்குது. வெஸ்டிங்னு ஒண்ணு போட்டிருந்தா, அதாவது நாலு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா ஷேர் சொந்தமாகும், முதல் வருஷம் முடியறதுக்குள்ள போனா எதுவும் கெடையாதுன்னு இருந்திருந்தா, பேச்சே வந்திருக்காது. நான் போன் பண்ணப்போ "எவ்ளோன்னு நீயே சொல்லு மாப்ள, நான் கையெழுத்து போடறேன்"னுட்டான். அதுக்கு மேல எனக்கு பேச வரல. ஆடிட்டர் முன்னாடி உக்காந்து கணக்கு பாத்து அவனுக்கு 8 சதவீதம் வச்சோம், மீதிய எஸ்எச்-4ங்கற ஷேர் மாத்தற படிவம் போட்டு என் பேருக்கு மாத்துனோம். சும்மா குடுக்கறான்னு ஃப்ரீயா வாங்கக்கூடாது, நியாய மதிப்புக்கு ரொம்ப கொறச்சு வாங்குனா வாங்கறவருக்கு வருமான வரி வரும், அதனால வேல்யூவேஷன் போட்டு அந்த விலைக்கே வாங்குனேன்.

ப்ளே ஸ்டோர் அக்கவுண்ட் அவன் சொந்த ஜிமெயில்ல இருந்துச்சு. கம்பெனி பேர்ல புது அக்கவுண்ட் 25 டாலர்தான், ஆனா நிறுவனத்துக்கு டன்ஸ் நம்பர்னு (D-U-N-S) ஒரு கம்பெனி அடையாள எண் கேக்கறாங்க, அது வர்ற வரைக்கும் ஆப்ப மாத்த முடியல. டொமைனும் அப்படித்தான், பாத்துக்கங்க.

கடைசியா பணம் வந்துச்சு, வந்தும் தொட முடியல. பிரைவேட் பிளேஸ்மெண்ட்ல, அதாவது பொதுவுல விக்காம குறிப்பிட்ட சில பேருக்கு மட்டும் ஷேர் குடுக்கறதுல, வர்ற பணம் தனி பேங்க் அக்கவுண்ட்ல இருக்கணும், 60 நாளுக்குள்ள ஷேர் அலாட் பண்ணணும், அலாட் பண்ண 15 நாளுக்குள்ள அந்த விவரத்த சொல்ற பாஸ்-3 படிவத்த ஃபைல் பண்ணணும், அத ஃபைல் பண்ற வரைக்கும் ஒரு ரூபா எடுக்கக்கூடாதுன்னு கம்பெனி சட்டம் செக்ஷன் 42 சொல்லுது. அஞ்சு பேர் சம்பளம் பாக்கி, அக்கவுண்ட்ல 40 லட்சம். பத்து நாள் என் வீட்டம்மா நகைய வச்சு ஓட்டுனோம். பாஸ்-3 போட்டு சலான் வந்த அன்னைக்கு சாயங்காலமே அஞ்சு பேருக்கும் சம்பளம் போட்டேன், மறுநாள் காலைல நகைய திருப்பிட்டு வந்தேன்.