பனை மரத்தில ஒரு ‘ணோ’

சின்ன மாமி கோண்டாவிலில வீடு கட்டி முடிச்சு ‘அருணோதயம்’ எண்டு பேர் வைச்சவா. பெயர்ப்பலகையை நான்தான் வெட்டித் தரவேணும் எண்டு ஒரே பிடி. பலகைக்கு மரமும் அவவே தந்தவா: அம்மம்மாவின்ர பழைய வீட்டைப் பிரிக்கேக்கை எடுத்து வைச்ச பனைக் கைமரம், கறுப்பும் மண்ணிறமுமாய் வரி ஓடின வைரம். என்னட்டை இருக்கிறது 3018 எண்டு சொல்லுற சின்ன சிஎன்சி மெசின், கொம்பியூட்டர் சொல்லுற கோட்டில தானாய் வெட்டுறது. 30 சென்ரிமீட்டர் நீளம், 18 சென்ரிமீட்டர் அகலம், அதுக்குள்ளதான் வேலை. அந்தப் பலகை ரெண்டு தரம் பிழைச்சு, மூண்டாந்தரம்தான் சரிவந்தது. வீட்டில இப்பிடி மெசின் வைச்சிருக்கிற எங்கட பக்கத்துப் பிள்ளையளுக்குப் பயன்படும் எண்டு எழுதுறன்.

முதல்ல எழுத்து. கன வெட்டு சொஃப்ட்வெயாருகளுக்குத் தமிழ் ஒழுங்காய்க் கோர்க்கத் தெரியாது. ‘ணோ’ எண்டு அடிச்சால் இரட்டைக்கொம்பு முன்னுக்குப் போகாமல் ண-வுக்குப் பின்னால போய் நிக்கும். திரையில சின்னதாய்த் தெரியேக்கை கண்ணில படாது, மரத்தில வெட்டின பிறகுதான் தெரியும். அதால எழுத்தை இங்ஸ்கேப் எண்ட படம் வரையிற சொஃப்ட்வெயாரில அடிச்சு, அங்கேயே கோட்டுருவமாய் மாத்தி, எஸ்விஜி எண்ட கோட்டுப்படக் கோப்பாய்க் கொண்டு போங்கோ. அதுக்குப் பிறகு அது எழுத்தில்லை, வெறும் கோடு. எந்த சொஃப்ட்வெயாரும் அதைக் குழப்பாது.

அடுத்தது சுழி. ண-வின்ர சுழிக்குள்ள மிஞ்சி நிக்கிற மரம் ஒரு சின்னத் தீவு மாதிரி. பனை மரம் மற்ற மரம் மாதிரி இல்லை. இரும்பு போல கறுத்த நார், அதைச் சுத்தி மெத்தெண்ட சதை. மெசினில சுத்தி வெட்டுற அலகு, அதுதான் பிட், நாரை இழுக்கேக்கை சதை விட்டுக்குடுத்திடும், தீவு அப்பிடியே கழண்டு பறக்கும். எனக்கு முதல் பலகை போனது இதாலதான். ஒழுங்கைக் கடைசியில இருக்கிற ஓடாவி அப்புவிட்டைக் கொண்டுபோய்க் காட்டினன். விரலால தடவிப் பார்த்திட்டு, “தம்பி, வெட்ட முதல் மரத்தை இறுக்கு” எண்டார். அவர் சொன்ன மாதிரி, மரத்துக்குள்ள ஊறி இறுக்கிற சீலர் பூச்சை ரெண்டு தரம் பூசி, நல்லாய்க் காயவிட்டு, மேலால வெட்டினன். எழுத்தையும் மாத்தினன்: சுழிக்குள்ள குறைஞ்சது 3 மில்லிமீட்டர் மரம் மிஞ்சிற மாதிரித் தடிச்ச எழுத்துரு. கடைசி ஓட்டத்துக்கு 0.2 மில்லிமீட்டர் மட்டும் விட்டு மெல்லிசாய்ச் சீவினால் விளிம்பு பிசிறில்லாமல் வரும்.

இரண்டாவது பலகை போனதுக்குக் காரணம் மட்டம் சரியில்லாதது. ‘அ’ மெல்லிசு, ‘ம்’ தடிப்பு, ஒரே பலகையில. 60 பாகை வி-பிட் (முனை V மாதிரிக் கூரான பிட்) போட்டு வெட்டேக்கை ஆழம் அரை மில்லிமீட்டர் கூடினால் கோட்டின்ர அகலம் கிட்டத்தட்ட 0.58 மில்லிமீட்டர் கூடும். 90 பாகை பிட்டெண்டால் ஒரு முழு மில்லிமீட்டர். ரெண்டு மில்லிமீட்டர் அகலக் கோட்டில அது பளிச்செண்டு தெரியும். மேசைக்கு மேல 12 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஒண்டைப் பூட்டி, அதே மெசினால முழுக்க ஒருக்கால் சீவிவிடுங்கோ. அந்த மேசை பிறகு ஸ்பின்டில் (பிட்டைச் சுத்திற மோட்டர்) ஓடுற தளத்துக்குச் சரி சமாந்தரமாய் இருக்கும். பலகையையும் சீவுளி போட்டுச் சமப்படுத்தித்தான் வைக்கவேணும். பிடிக்கிறதுக்கு நான் கிளாம்ப் போடுறதில்லை. மேசையிலயும் பலகையின்ர அடியிலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ரெண்டு டேப்புக்கும் நடுவில சுப்பர் குளூ. இறுக்கமாய் நிக்கும், உரிச்செடுக்கிறதும் லேசு.

வேகத்தைப் பற்றி எல்லாரும் கேக்கிறவை. மெல்ல ஓட்டினால் பிட்டுக்கு நல்லது எண்டு நினைக்கிறது பிழை. பிட் மரத்தில நகருற வேகத்தை, நிமிசத்துக்குச் சுத்திற சுற்றையும் பிட்டின்ர பல்லையும் பெருக்கி வாற எண்ணால வகுத்தால், ஒரு பல் ஒரு சுற்றில கடிக்கிற அளவு வரும். 10,000 சுற்று, ரெண்டு பல், நிமிசத்துக்கு 800 மில்லிமீட்டர் எண்டால் 0.04 மில்லிமீட்டர். அதே சுற்றில 100-க்கு இறக்கினால் 0.005 தான். பல் கடிக்காமல் உரசும், மரம் கருகும், பிட் சூடாகி மொட்டையாகும். இந்தச் சின்ன மெசின் பனையில தாங்கிறதுக்கு வேகத்தைக் குறைக்காதேங்கோ, ஆழத்தைக் குறையுங்கோ. நான் ஒரு ஓட்டத்துக்கு 0.4 மில்லிமீட்டருக்கு மேல போறதில்லை. விழுகிற தூளைப் பாருங்கோ. தேங்காய்ப்பூ மாதிரி விழுந்தால் நல்லம், அரிசிமா மாதிரி விழுந்தால் எங்கையோ பிழை.

கரண்ட் போற கதையும் சொல்லவேணும். பாதி வெட்டில நிண்டால் பலகையைக் கழட்டாதேங்கோ. ஜிஆர்பிஎல் எண்ட, மெசினை ஓட்டுற சொஃப்ட்வெயார் போட்ட மெசினெண்டால், ஜி54 கட்டளையால வைச்ச பூச்சியத்தை (அளவு தொடங்கிற புள்ளியை) அது தன்ர நினைவில வைச்சிருக்கும். ஓரத்தில, மெசின் எல்லையைத் தொட்டதைச் சொல்லுற லிமிட் சுவிட்ச் பூட்டியிருந்தால், கரண்ட் வந்தவுடனே பிட்டைக் கொஞ்சம் மேல தூக்கி, ஹோமிங் (அந்த சுவிட்சைத் தொட்டுத் தன்ர இடத்தை அறியிற ஓட்டம்) ஓடவிட்டால் பூச்சியம் அதே இடத்துக்கு வரும். ஜி92 எண்ட மற்றக் கட்டளையால வைச்ச பூச்சியம் அப்பிடி நிக்காது, அழிஞ்சிடும். சுவிட்ச் இல்லாத ஆக்கள் வெட்டத் தொடங்க முதல் பலகையின்ர வீண் பக்கத்தில ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, அந்த இடங்களைக் குறிச்சு வையுங்கோ. பிறகு பிட்டை அந்த ஓட்டையில இறக்கிப் பூச்சியத்தை மீட்கலாம்.

பழைய மரத்தில ஆணி இருக்கும். காந்தத்தை நூலில கட்டிப் பலகைக்கு மேலால மெல்லக் கொண்டுபோங்கோ, இழுக்கிற இடம் தெரியும். ஆணியில பட்டு உடைஞ்ச பிட்டின்ர துண்டு என்ர கன்னத்தைக் கீறிப் போனது, கண்ணுக்கு ஒரு விரல் கீழ. கண்ணாடி போடாமல் அதுக்குப் பிறகு நான் சுவிட்சைத் தொடுறதில்லை. கையுறை வேண்டாம், சுத்திற பிட் அதைப் பிடிச்சிழுக்கும். கழுத்தில துவாயும் வேண்டாம். எம்டிஎஃப் தூளுக்கு முகக்கவசம் கட்டாயம்.

எங்கட கடல் காத்துக்கு மெசினின்ர உருக்குக் கம்பி கெதியாய்த் துரு பிடிக்கும். மழை தொடங்கினால் வேலை முடிஞ்ச கையோட தூளைத் துடைச்சுப்போட்டு, தையல் மெசின் எண்ணெய் தொட்ட துணியால ஒருக்கால் தேய்ச்சு விடுறன். ஐப்பசி, கார்த்திகையில மரமும் ஈரம் குடிச்சு ஊதும். அதால பலகையை ஒரு கிழமை மெசின் இருக்கிற அறையிலேயே வைச்சுப் பழக்கிப்போட்டுத்தான் மட்டம் பாக்கிறன்.

மாமியின்ர பலகை இப்ப வாசல் தூணில. பின்னேர வெயில் சாய்வாய் விழேக்கை ‘ணோ’-வின்ர சுழிக்குள்ள கறுத்த நார் மூண்டு, முறியாமல் நீட்டுக்கு ஓடுறது தெரியும்.