படி ஏறுகிறேனா, நடக்கிறேனா: மூன்று சென்சார், ஒரு முடிவு

இடுப்பில் கட்டிய சின்னப் பலகையில் முடுக்கமானி, சுழற்சியை அளக்கும் கைரோ, காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் மூன்றும் இருக்கின்றன. உட்கார்வது, நடப்பது, படி ஏறுவது, இறங்குவது என்ற நான்கையும் அதுவே பிரித்துச் சொல்ல வேண்டும். நியூரல் நெட்வொர்க் இல்லாமல், புள்ளியியலை மட்டும் வைத்துச் செய்து பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு முடிவும் எங்கிருந்து வந்தது என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்க்க முடிய வேண்டும் என்பது என் ஆசை.

முடுக்கமானியும் கைரோவும் நொடிக்கு 50 மாதிரி, பாரோமீட்டர் 25. எல்லாவற்றையும் 2.56 நொடித் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு எட்டு அளவுகள் எடுத்தேன்: சராசரிகள், திட்ட விலக்கங்கள் (சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்பது), அப்புறம் காற்றழுத்தத்தின் சரிவு, அதாவது அது மாறும் வேகம்.

முதலில் நேவ் பேயஸ்: ஒவ்வொரு அளவும் தனித்தனியே தரும் நிகழ்தகவுகளைப் பெருக்கி வகையை முடிவு செய்யும் முறை. உட்கார்வதை உடனே பிடித்துவிட்டது. மெதுவாக நடந்தபோதுதான் சிக்கல்: படி ஏறுவதாக அடித்துச் சொன்னது, அதுவும் 0.99-க்கு மேல் நிகழ்தகவோடு. பாரோமீட்டரை மட்டும் கேட்டால் ஏறவில்லை என்கிறது, ஆனால் அதன் பேச்சு எடுபடவில்லை. நேவ் பேயஸுக்கு எட்டு அளவுகளும் தொடர்பில்லாத எட்டு சாட்சிகள். முடுக்கத்தின் திட்ட விலக்கத்தையும் கைரோவின் திட்ட விலக்கத்தையும் வரைந்து பார்த்தேன். ஒன்று கூடினால் மற்றதும் கூடுகிறது, இரண்டும் பார்ப்பது ஒரே காலடியை. ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றியிருக்கிறேன்.

சரி, அந்த ஒட்டுறவையே கணக்கில் சேர்ப்போம் என்று மஹலனோபிஸ் தூரத்துக்கு (1936) போனேன்: ஒரு துண்டு ஒவ்வொரு வகையின் சராசரியிலிருந்தும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை, அளவுகளின் ஒட்டுறவையும் சேர்த்து அளப்பது. சேர்ந்தே ஆடும் இரண்டு அளவுகள் சேர்ந்து விலகினால் அது பெரிதுபடுத்தாது. ஒன்று கூடி மற்றது குறைந்தால் விழித்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. வகைக்கு ஒரு உடன்மாறுபாட்டு அணி (எந்த அளவு எதோடு சேர்ந்து மாறுகிறது என்ற எண் அட்டவணை) வைக்கலாம்தான், ஆனால் எட்டு அளவுக்கு ஓர் அணியில் 36 எண்கள். அத்தனையையும் வகைவாரியாக மதிப்பிட என் துண்டுகள் போதாது. உட்கார்வதன் பரவல் மிகச் சிறியது என்பதால் அதை ஓர் எல்லைக்கோட்டால் முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றுக்கும் பொதுவாக ஓர் அணி வைத்தேன். மெதுநடைக் குழப்பம் நன்றாகக் குறைந்தது.

ஆனாலும் பாரோமீட்டருக்கு நான் எதிர்பார்த்த எடை வரவில்லை. கடல் மட்டத்தை ஒட்டி ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 12 பாஸ்கல் குறையும். ஒரு படிக்கு 2 பாஸ்கல், ஒரு துண்டில் ஐந்து படி என்றால் 10. கதவைத் திறந்தாலே சில பாஸ்கல் ஆடும் என்பதால் என் பாரோமீட்டர் சில்லான பிஎம்பி280-இன் உள்வடிகட்டியை (ஆட்டத்தை மழுப்பும் அமைப்பு, எண் கூடினால் மழுப்பலும் கூடும்) 16-இல் வைத்திருந்தேன். கோளாறு அங்கேதான். அந்த அமைப்பில் ஒரு திடீர் மாற்றத்தின் முக்கால் பங்கு தெரியவே 22 மாதிரிகள் ஆகும். நொடிக்கு 25 மாதிரி என்ற என் வேகத்தில் 0.88 நொடி, துண்டில் மூன்றில் ஒரு பங்கு. மேல்தளத்தில் நடக்கத் தொடங்கிய பிறகும் அழுத்தம் குறைந்துகொண்டே இருந்திருக்கிறது. 'நடை' என்று பெயரிட்ட துண்டுகளில் ஏறிய தடம் கலந்து, சரிவின் பரவல் வீங்கி, அணி அதன் எடையைக் குறைத்துவிட்டது. வடிகட்டியை 4-க்கு இறக்கினேன், தாமதம் ஐந்து மாதிரியாகச் சுருங்கியது. கூடுதல் இரைச்சலை, துண்டில் உள்ள 64 அழுத்த மாதிரிகளுக்கும் சேர்த்து நேர்கோடு பொருத்துவதே சமாளிக்கிறது.

இன்னொரு திருத்தமும் செய்தேன். துண்டுகள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. அவற்றைக் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்ததால் பயிற்சியில் பார்த்த மாதிரிகளே சோதனையிலும் வந்திருக்கின்றன. அந்த முடிவுகளை அழித்துவிட்டு, இப்போது ஒரு முழு நாள் பதிவை ஒதுக்கிவைத்துச் சோதிக்கிறேன். சரியாகச் சொன்ன துண்டுகளின் எண்ணிக்கை இறங்கியது, ஆனால் இது நம்பக்கூடிய எண்ணிக்கை.

மிஞ்சியிருக்கும் தவறுகளில் பெரும்பாலானவை நடையிலிருந்து படிக்கு மாறும் முதல் துண்டில் விழுகின்றன. அடுத்து, முந்தைய துண்டின் நிகழ்தகவை இந்தத் துண்டுக்கு முன்நிகழ்தகவாக (சென்சாரைப் பார்க்கும் முன்பே வைத்திருக்கும் ஊகமாக) கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.