நெடுஞ்சாலைத் தரிப்பிடத்தில் ஒரு பௌதிக மாஸ்டர்

நியூ ஜெர்சி டேர்ன்பைக்கில் வடக்கு நோக்கி வந்தால், ஜோர்ஜ் வொஷிங்டன் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரிட்ஜ்ஃபீல்டில் ஒரு தரிப்பிடம் வரும். வின்ஸ் லொம்பார்டி தரிப்பிடம் என்று பலகை போட்டிருக்கும். நம் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களுக்கு நியூயோர்க் போகிறபோது நம்மில் பலர் அதில் இறங்கியிருப்போம். கோப்பி, மலசலகூடம், பெற்றோல், திரும்பவும் கார். இந்த நாட்டுக்கு வந்து முதல் பத்து வருடம் அந்த லொம்பார்டி யார் என்று நான் யோசித்ததே இல்லை. பழைய ஆளுநர் யாரோ ஒருவராக்கும் என்று விட்டுவிட்டேன்.

சொல்லித் தந்தவர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். விஸ்கொன்சின் மாநிலத்துக் கிரீன் பே அவருடைய ஊர். அமெரிக்க உதைபந்தாட்டம் எனக்கு விளங்காது. காலால் அதிகம் உதைக்காத ஒரு விளையாட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஒருநாள் அவரிடம் பகிடியாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “எங்கள் ஊர் அணியின் பெரிய பயிற்றுநர் லொம்பார்டி முதலில் இங்கே பக்கத்து ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், தெரியுமா? பௌதிகம் படிப்பித்தவர்” என்றார்.

காலையில் பௌதிகம், பின்னேரம் மைதானம். எழுபதுகளில் நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு இப்போது யாருடைய முகம் தெரியும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் பெயரை எழுதாமல் விடுகிறேன். காரணம் கடைசியில் விளங்கும். மாஸ்டர் என்றே இருக்கட்டும்.

லொம்பார்டி 1913 இல் புரூக்ளினில் பிறந்தவர். இத்தாலியக் குடும்பம், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். தகப்பன் இறைச்சி வியாபாரி. அந்த மனிதர் ஒரு கை விரல்களில் ‘வேலை’ என்றும் மறு கை விரல்களில் ‘விளையாட்டு’ என்றும் பச்சை குத்தியிருந்தாராம். மகன் பாதிரியாராகப் போவதற்குக் குருமடப் பள்ளியில் சேர்ந்து, இடையில் விட்டுவிட்டு வந்தார். ஆனாலும் தினமும் காலைப் பூசைக்குப் போகிற பழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை. ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் விளையாடினார். ஐந்தடி எட்டு அங்குலம், சுமார் 180 இறாத்தல். அந்த விளையாட்டின் முன்வரிசைக்கு இது சின்ன உடம்பு. அப்படியிருந்தும் 1936 ஆம் ஆண்டு ஃபோர்டம் அணியின் முன்வரிசை ஏழு பேருக்குப் பத்திரிகைகள் வைத்த ‘ஏழு கருங்கற்கள்’ என்ற பெயருக்குள் அவரும் அடக்கம்.

பட்டம் பெற்ற காலம் பெருமந்த காலம். வேலை இல்லை. சட்டம் படிக்கப் போய் அதையும் விட்டார். 1939 இல் எங்கள் தரிப்பிடத்திலிருந்து சில மைல் தள்ளியுள்ள எங்கிள்வூட் ஊரில், சென் சிசிலியா உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். லத்தீன், இரசாயனம், பௌதிகம் மூன்றும் அவர் பொறுப்பு. பின்னேரத்தில் உதைபந்தாட்ட அணிக்கு உதவிப் பயிற்றுநர். 1942 இலிருந்து தலைமை. கூடைப்பந்தும் அவர் தலையில்தான் விழுந்தது. இவ்வளவுக்கும் தொடக்கத்தில் வருடச் சம்பளம் ஆயிரம் டொலருக்கும் குறைவு. எட்டு வருடம் அங்கே இருந்தார்.

அந்த எட்டு வருடத்தை அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ முழுக் கதையும் அதற்குள்தான் இருக்கிறது என்று படுகிறது. வகுப்பில் ஆகப் பின்தங்கிய பொடியனுக்கு விளங்கும்வரை அடுத்த பாடத்துக்குப் போகமாட்டாராம். பிறகு உலகப் புகழ் பெற்றபோதும் அவர் செய்தது இதைத்தான், வகுப்பறைதான் பெரிதாகிவிட்டது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1947 இல் ஃபோர்டமுக்குத் திரும்பினார். 1949 இலிருந்து ஐந்து பருவம் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில், கேர்ணல் ரெட் பிளேக் என்பவரின் கீழ் வேலை. ஆட்டத்தைப் படமெடுத்து மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கும் வித்தையை அங்கே பழகினார். 1954 இல் தொழில்முறை அணியான நியூயோர்க் ஜயன்ட்ஸ். தாக்குதல் இவர் கையில். தடுப்பு டொம் லான்ட்ரி கையில். இந்த இருவரும் இருக்கும்போது தனக்குப் பந்துக்குக் காற்றடிக்கிற வேலைதான் மிச்சம் என்று தலைமைப் பயிற்றுநர் ஜிம் லீ ஹவல் பகிடி விடுவாராம். 1956 இல் பட்டமும் வென்றார்கள். ஆனால் தலைமைப் பதவி மட்டும் நெடுநாள் கைக்கு வரவில்லை. தன் இத்தாலியப் பெயர்தான் காரணமோ என்று அவருக்குள் ஒரு வேக்காடு இருந்தது. நாற்பத்தைந்து வயதுவரை காத்திருந்தார்.

1959 இல் கூப்பிட்டது கிரீன் பே. அப்போது அறுபதாயிரம் பேர் அளவில் இருந்த ஊர். கடதாசி ஆலைகளும் இறைச்சித் தொழிற்சாலைகளும். அணியின் பெயரே இறைச்சி அடைக்கும் கம்பனியிலிருந்து வந்ததுதான், பேக்கர்ஸ். அதற்குத் தனி முதலாளி கிடையாது. ஊர் மக்கள் பங்கு வாங்கி வைத்திருக்கும் அணி. பங்குக்கு இலாபமும் வராது, விற்றுக் காசு பார்க்கவும் முடியாது. என் மேசைக்காரர் வீட்டில் அந்தப் பங்குப் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சாமிப் படம்போல மாட்டியிருந்தார்கள். லொம்பார்டி வருவதற்கு முந்தைய பருவத்தில் பேக்கர்ஸ் வென்றது ஓர் ஆட்டம், தோற்றது பத்து, சமன் ஒன்று.

வந்த முதல் வருடமே ஏழு வெற்றி, ஐந்து தோல்வி. எப்படி? ‘ஸ்வீப்’ என்ற ஒரே ஓர் ஆட்டமுறையை எடுத்துக்கொண்டார். புதிதாக ஒன்றுமில்லை, பழைய சாமான். முன்வரிசையில் நிற்கும் இரண்டு தடியர்கள் தங்கள் இடத்தைவிட்டுப் பின்வாங்கி, பக்கவாட்டில் ஓடி, பந்தோடு வருகிறவனுக்கு முன்னால் வழி வெட்ட வேண்டும். ஜெரி கிரேமரும் ஃபஸி தேர்ஸ்டனும் அந்த இருவர். பின்னால் போல் ஹோர்னங் அல்லது ஜிம் டெய்லர் பந்தோடு வருவார். எந்தப் பக்கம் புகுவது என்று முன்கூட்டியே முடிவில்லை. இடைவெளியில் வெளிச்சம் தெரிகிற பக்கம் ஓட வேண்டும். எதிரணிக்கு இது வரப்போகிறது என்று தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாது. அவ்வளவு பயிற்சி. பின்னாளில் பெரிய பயிற்றுநரான ஜோன் மேடன் இளவயதில் லொம்பார்டியின் வகுப்பு ஒன்றுக்குப் போயிருக்கிறார். இந்த ஓர் ஆட்டமுறையைப் பற்றி மட்டும் எட்டு மணி நேரம் பேசினாராம். தனக்கு இந்த விளையாட்டு தெரியும் என்று நினைத்துக்கொண்டு போனவர், ஒன்றுமே தெரியாது என்று விளங்கித் திரும்பி வந்தார்.

1960 இல் இறுதியாட்டத்தில் ஃபிலடெல்பியாவிடம் 17–13 என்று தோல்வி. அடுத்த வருடப் பயிற்சி முகாமில், இறுதியாட்டம்வரை போய் வந்த தடியர்கள் முன்னால் பந்தைத் தூக்கிப் பிடித்து, “இது ஒரு பந்து” என்று தொடங்கினார். “கொஞ்சம் மெதுவாகப் போங்கள்” என்று மேக்ஸ் மெகீ என்ற ஆட்டக்காரர் பின்னாலிருந்து சொன்னதாகவும் கதை உண்டு. அந்த வருட இறுதியில் ஜயன்ட்ஸை 37–0 என்று வென்றார்கள். பட்டங்கள் 1961, 62, 65, 66, 67. ஏழு வருடத்தில் ஐந்து.

அவர் நல்ல மனிதரா? எனக்கு இதில் ஒரே பதில் இல்லை. கத்துவார், அவமானப்படுத்துவார். எல்லோரையும் ஒரே மாதிரித்தான் நடத்துவார், நாய்களைப்போல என்று ஹென்றி ஜோர்டன் என்ற ஆட்டக்காரர் சொன்னது பிரபலம். வீட்டுக்குக் கொடுத்த நேரமும் குறைவு. வெற்றி ஒன்றுதான் எல்லாம் என்ற வாசகத்தை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அதை அவருக்கு முன்னரே ரெட் சாண்டர்ஸ் என்ற பயிற்றுநர் சொல்லியிருக்கிறார். அதே லொம்பார்டிதான், கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் கதவடைக்கும் கடைகளுக்கு என் அணியில் ஒருவனும் போகமாட்டான் என்று அறிவித்தவர். அவருடைய தம்பி ஒருவர் தன்பாலீர்ப்பாளர். அணியில் அப்படி ஒருவர் இருந்து, அதைச் சொல்லி யாராவது நக்கலடித்தால் வேலை போகும் என்று உதவியாளர்களை எச்சரித்துமிருக்கிறார்.

களத்தில் பேக்கர்ஸ் அணியை நடத்தும் பந்து வழங்குநர் பார்ட் ஸ்டாரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டக்காரர் தெரிவில் 200 ஆவது ஆளாக எடுக்கப்பட்ட அமைதியான மனிதர். ஒருநாள் பயிற்சியில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவர், நேரே லொம்பார்டியின் அறைக்குப் போனார். “திட்டுங்கள், தாங்கிக்கொள்வேன். ஆனால் இந்த அறைக்குள் வைத்துத் திட்டுங்கள். அவர்கள் முன்னால் திட்டினால் நான் எப்படி அவர்களை நடத்துவது?” என்ற கருத்தில் பேசினார். அதற்குப் பிறகு லொம்பார்டி அவரை மற்றவர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் மாஸ்டரின் அறைக்குப் போய் இப்படிச் சொல்ல ஒருவனும் இருக்கவில்லை. இருந்திருந்தால் கேட்டிருப்பாரோ என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

அந்த ஸ்டார்தான் 1967 டிசம்பர் 31 ஆம் திகதி டலஸ் அணிக்கெதிரான இறுதியாட்டத்தை முடித்துவைத்தவர். குளிர் மறை 25 பாகை செல்சியஸ். மைதானத்து மண்ணுக்கடியில் லொம்பார்டி பெருமையோடு பதித்திருந்த மின்சூடாக்கி அன்று பார்த்துக் கைவிட, தரை கண்ணாடியாக உறைந்துவிட்டது. நடுவரின் உலோக விசில் உதட்டோடு ஒட்டித் தோலைப் பிய்க்க, அதன்பிறகு வாயால் கத்தியே ஆட்டத்தை நடத்தினார்கள். கடைசி 16 விநாடி. 17–14 என்று டலஸ் முன்னிலை. கோட்டுக்கு ஒரு யார் தூரம்கூட இல்லை. பந்தை உதைத்துச் சமன் செய்திருக்கலாம். ஸ்டார் தானே பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிரேமரின் பின்னால் விழுந்தார். 21–17. இரண்டு கிழமை கழித்து, இரு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் சூப்பர் போலின் இரண்டாவது ஆட்டத்தையும் வென்றபின் லொம்பார்டி பயிற்சியிலிருந்து விலகினார். ஒரு வருடம்தான் சும்மா இருக்க முடிந்தது.

1969 இல் வொஷிங்டன் அணிக்குப் போனார். அங்கே லாரி பிரவுன் என்று ஒரு புதுப் பொடியன். நல்ல ஓட்டக்காரன், ஆனால் பந்து புறப்படும்போது மற்றவர்களைவிட ஒரு கண்ணிமைப்பொழுது பிந்துவான். லொம்பார்டி அதைக் கவனித்து, செவியைச் சோதிக்க அனுப்பினார். ஒரு காது கேளாது. தலைக்கவசத்துக்குள் செவிப்புலன் கருவி பொருத்த அனுமதி வாங்கிக் கொடுத்தார். 1972 இல் அந்தப் பொடியன் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரன். பார்க்க லொம்பார்டி இல்லை. 1970 செப்டெம்பர் 3 ஆம் திகதி, பெருங்குடல் புற்றுநோய். வயது 57. இப்போது சூப்பர் போல் வெல்கிற அணிக்குக் கொடுக்கும் வெள்ளிக்கிண்ணம் அவர் பெயரில்தான். சென் சிசிலியா உயர்நிலைப் பள்ளி 1986 இல் மூடப்பட்டுவிட்டது. நான் இங்கே வந்து இறங்கியதும் அந்த வருடம்தான்.

2004 இல் ஊருக்குப் போனபோது மாஸ்டரைப் பார்க்கப் போனேன். விறாந்தையில் சாய்கதிரை. கண் மங்கல், குரல் மட்டும் பழையபடி. அமெரிக்காவில் என்ன விசேஷம் என்றார். தரிப்பிடத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகை ஓரத்தில் ஸ்வீப்பைக் கீறிக் காட்டினேன். “இரண்டாவது ஆள் எந்தக் கோணத்தில திரும்புறான்?” என்று கேட்டார். பௌதிக மாஸ்டர் அல்லவா. பிறகு லாரி பிரவுனின் காதைப் பற்றிச் சொன்னேன்.

நம் வகுப்பில் மூன்றாம் வாங்கில் இருந்தவனை நினைவிருக்கும். கூப்பிட்டால் திரும்பமாட்டான், கேள்வி கேட்டால் முழிப்பான். தவணை முடிந்து ஆஸ்பத்திரியில்தான் காது மந்தம் என்று கண்டுபிடித்தார்கள். அன்று பின்னேரம் மாஸ்டரின் சைக்கிள் அவன் வீட்டுப் படலையில் நின்றதை நானே பார்த்தேன். அதைப் பற்றி அவரோடு யாரும் பேசியதில்லை.

“அவர் என்னெண்டு கண்டுபிடிச்சவர்?” என்றார் மாஸ்டர்.

“கவனிச்சுப் பார்த்தவராம் சேர். வெளிக்கிடேக்க கொஞ்சம் பிந்துறான் எண்டு.”

கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பத்திரிகை மடியிலேயே இருந்தது.

“நான் அவனுக்கு ஒரு தவணை முழுக்க அடிமட்டத்தால அடிச்சனான்” என்றார். பிறகு உள்ளே பார்த்து, “பிள்ளை, தம்பிக்குத் தேத்தண்ணி கொண்டு வா” என்றார்.