வெள்ளைச் சுவரும் தேக்குத் தூணும்: ஆஃப்செட் தேர்வுக்கு இளம் டின்ட், அடர் டின்ட்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்த மணிவிழா மலரைப் புரட்டினாலும் ஒரு படம் இருக்கும். முகப்பில் குடும்பமே நிற்கும். பின்னால் முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், பக்கத்தில் பர்மா தேக்குத் தூண். அச்சுத் தொழில்நுட்ப டிப்ளமோ செய்முறைத் தேர்வுக்கும் வைவாவுக்கும் டோன் (படத்தின் வெளிச்ச, நிழல் அளவு) பாடத்தைப் படிக்க இந்த ஒரு படமே போதும். அச்சில் டோன் என்பது மைப் புள்ளிகள் தாளை எவ்வளவு மூடுகின்றன என்பதுதான். சுவரில் 3, 5% புள்ளிகள். தூணின் நிழல் பக்கம் 90-க்கு மேல். பாடக் குறிப்புகளில் 50% டின்ட்டின் (பாதிப் பரப்பை மூடும் புள்ளித் திட்டின்) டாட் கெய்ன்தான், அதாவது அச்சில் புள்ளி பெருப்பதுதான், பக்கம் பக்கமாக இருக்கும். அதை மனப்பாடம் செய்தவர் சுவரைக் காட்டிக் கேட்டதும் திணறிவிடுவார்.

முதலில் கணக்கு. 150 லைன் ஸ்க்ரீனில் (அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசை) ஒரு புள்ளிக்கான கட்டத்தின் அகலம் 25.4 ÷ 150, அதாவது சுமார் 169 மைக்ரான். 3% வட்டப் புள்ளியின் விட்டம் 33 மைக்ரான், 1% புள்ளியின் விட்டம் 19 மைக்ரான். 2400 டிபிஐ பிளேட்செட்டரில் (அச்சுப் பிளேட்டில் லேசரால் உருவம் எழுதும் இயந்திரம்) ஒரு கட்டத்துக்கு 16 × 16 = 256 லேசர் பொட்டுகள். அப்படியானால் 1% என்பது இரண்டோ மூன்றோ பொட்டுதான். 3% புள்ளியின் ஓரம் சுற்றிலும் 5 மைக்ரான் தேய்ந்தால் மிஞ்சுவது 1.5%-க்கும் குறைவு, டோன் பாதியாகிவிட்டது. மறுமுனையில் 97% என்றால் மையின் நடுவே அதே 33 மைக்ரான் வெள்ளை ஓட்டை. மை சுற்றிலும் 10 மைக்ரான் பரவினால் ஓட்டை 13 மைக்ரானாகச் சுருங்கும். கண்ணுக்கு அது சாலிட்தான், அதாவது முழு மைப் பரப்பு. ‘டாட் கெய்ன் நடுவில்தானே அதிகம், பிறகு ஏன் நிழல் அடைகிறது?’ என்று தேர்வாளர் கேட்டால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். நடுவில் கூடும் 18% படத்தைக் கறுக்க வைக்கும், அவ்வளவுதான். 95-இல் கூடும் 3 சதவீதமோ தூணின் மர வரிகளையே விழுங்கிவிடும்.

இரு முனையும் தீர்மானமாவது பிளேட்டிலும் அதற்கு முன்னும்தான். மிஷினில் இருப்பதைக் காப்பாற்றலாம், இல்லாததைக் கொண்டுவர முடியாது. சுவர் வெளுத்துப் போனதென்று இங்க் கீயை (மை வரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை) திறந்தால், பிளேட்டில் இல்லாத புள்ளி வந்துவிடாது. தூண் மட்டும் அடைந்துபோகும். தேர்வில் அதிகம் மதிப்பெண் போவது இந்தத் தவறான பதிலால்தான்.

ஆகவே, ஃபைலில் சுவருக்கு சயான் 5, மெஜந்தா 3, மஞ்சள் 3 அளவில் புள்ளி வையுங்கள். வெள்ளிக் குத்துவிளக்கின் பளபளப்புக்கு மட்டும் 0 விடலாம். தூணின் ஆழ்நிழலில் நான்கு வண்ணக் கூட்டுத்தொகை ஆர்ட் பேப்பருக்கு 300 முதல் 330, மேப்லித்தோவுக்கு (பூச்சில்லாத தாள்) 280, செய்தித்தாளுக்கு 240 என்று வைத்துக்கொள்ளலாம். சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்பது 300-க்கு நல்ல உதாரணம். அதை மீறினால் மை காயாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்.

பிளேட் வந்ததும் 60 மடங்கு லென்ஸில் கன்ட்ரோல் ஸ்ட்ரிப்பை (சோதனைக்கான புள்ளிப் பட்டையை) பாருங்கள். 1 அல்லது 2% புள்ளி இல்லையென்றால் டெவலப்பர் வீரியமோ வெப்பமோ அதிகம், அல்லது லேசர் எக்ஸ்போஷர் கூடுதல் (லேசர் பட்ட இடம் கழுவிப்போகும் பாசிட்டிவ் பிளேட்டில்). 98% ஓட்டை அடைந்திருந்தால் டெவலப்பர் களைத்துவிட்டது, கோட்டிங் முழுதாகக் கழுவப்படவில்லை. பிளேட் சரியாயிருந்து தாளில் மட்டும் இளம் புள்ளி காணாமல் போனால் வரிசையாகப் பாருங்கள்: உருவத்தின் மேல் காய்ந்த கம் (பிளேட்டைக் காக்கப் பூசும் பசை), கூடுதல் தண்ணீர், பிளாங்கெட்டில் (பிளேட்டிலிருந்து மையை வாங்கித் தாளுக்குத் தரும் ரப்பர் விரிப்பில்) படிந்த காகிதத் தூசி, பாக்கிங் (விரிப்பின் அடியில் வைக்கும் தாள்) குறைவு. நீண்ட ஓட்டத்தில் பிளேட் தேயும்போதும் முதலில் போவது இளம் புள்ளிகளே.

நிழல் அடைவதற்குக் காரணங்கள் வேறு: பிளேட்டுக்கும் பிளாங்கெட்டுக்கும் நடுவே அழுத்தம் 0.10 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும், மை இளகியிருக்கும், தண்ணீர் போதாமல் ஸ்கம் (வெற்றிடத்தில் மை பிடிப்பது) தொடங்கியிருக்கும், அல்லது ஸ்லர் (தாள் வழுக்கிப் புள்ளி இழுபடுவது). இந்த வட்டாரத்துச் சித்திரை வெயிலில், குளிரூட்டாத கூடத்தில், காலையில் திறந்திருந்த தூண் மதியத்துக்குமேல் அடைவது மை இளகுவதால்தான். ஃபவுன்டன் கரைசலின் (பிளேட்டை நனைக்கும் தண்ணீரின்) பிஹெச் 4.8 முதல் 5.5-க்குள் இருக்கட்டும். ஸ்கம் வராத குறைந்தபட்சத் தண்ணீர் அளவை முதலில் நிலைப்படுத்திவிட்டு, பிறகு மையைத் தொடுங்கள்.

டென்சிட்டோமீட்டர் (மையின் அடர்த்தியை அளக்கும் கருவி) கணக்கு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். காகிதத்தைக் கழித்து சாலிட் 1.50, ‘90%’ டின்ட் 1.20 என்றால், முர்ரே-டேவிஸ் சூத்திரப்படி (1 − 0.063) ÷ (1 − 0.032), அதாவது 97% புள்ளிப் பரப்பு (10⁻¹·²⁰ = 0.063, 10⁻¹·⁵⁰ = 0.032). 75% டின்ட் 0.90 காட்டினால் பிரின்ட் கான்ட்ராஸ்ட் (நிழல் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற அளவு) (1.50 − 0.90) ÷ 1.50 = 40%. மையை ஏற்ற ஏற்ற இந்த எண் ஓரளவு உயர்ந்து, பிறகு இறங்கும். இறங்கத் தொடங்குமுன் நிறுத்துவதே அந்தக் காகிதத்துக்குச் சரியான மை. கண்ணை நம்பி நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் நிற்கிறார்கள்.

கல்யாணப் பத்திரிகையின் பின்னணிக்கு வரும் இளஞ்சந்தன நிறம் தனிச் சங்கதி. மெஜந்தா 3, மஞ்சள் 10 என்று பிரித்தால், மெஜந்தா லேசாகத் தவறினாலும் சந்தனம் எலுமிச்சையாகிவிடும். ஒரே பத்திரிகையின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. டிரான்ஸ்பரன்ட் வைட்டில் (மையை இளக்கும் நிறமில்லா மையில்) வண்ணத்தைக் கிராம் கிராமாகச் சேர்த்துத் தனி மையாக்கி, சாலிடாக ஓட்டுவது மேல். வண்ணத்தில் வைட்டை ஊற்றக் கூடாது. சாயல் கிடைக்குமுன் மை மூன்று மடங்காகிவிடும்.

பின்னணி படிப்படியாக மங்கி வெள்ளையில் முடிய வேண்டுமானால், 0-க்குக் கொண்டுபோனால் புள்ளி அறுபடும் இடத்தில் ஒரு கோடு தெரியும். படத்தின் ஓரம் வரை 2% விட்டு நிறுத்துங்கள், அல்லது அந்தப் பகுதியில் லேசாக நாய்ஸ் (ஒழுங்கில்லாத நுண்பொடி) சேருங்கள். கறுப்புப் பின்னணிக்கு 95% கறுப்பு கேட்கும் வாடிக்கையாளருக்கு 100 கறுப்பின் கீழே 40% சயான் கொடுத்தால், அவர் மனதில் இருந்த கறுப்பு அதுதான்.