இஞ்சி போய்ச் சேர்ந்த ஊர்

எங்கள் மகள் போலந்தில் படித்த ஓராண்டும் அவளைச் சொந்தப் பிள்ளையாகவே வைத்துப் பார்த்துக்கொண்ட குடும்பம் அது. நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும் என்ற ஆசை கடந்த அக்டோபர் கடைசியில்தான் கைகூடியது. வார்சாவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் அவர்கள் ஊரான தோருன் வந்துவிட்டது.

ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் ஒரு பூக்கடை. வாசல் முழுக்கச் சாமந்தி. ஆசையாகக் கையை நீட்டினேன். "அம்மா, அது கல்லறைக்கு வைக்கிற பூ" என்று மகள் தடுத்தாள். நவம்பர் 1 அன்று ஊரே கல்லறைத் தோட்டங்களுக்குப் போய் விளக்கேற்றுமாம். சரி என்று ரோஜா பத்து எடுத்தேன். அதிலும் ஒன்றைத் திருப்பி வைத்தாள். இரட்டைப் படையில் பூ கொடுப்பது துக்க வீட்டுக்குத்தான். நாம் மொய்யை நூற்றொன்றாக வைப்பதில்லையா, அது போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டு ஐயா கதவைத் திறந்தார். வெளியில் நின்றபடியே நான் பூவை நீட்ட, அவர் வாங்காமல் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். நிலைப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு கைகுலுக்குவதோ, எதையும் கொடுத்து வாங்குவதோ அங்கே ஆகாது. என் மாமியாரும் இதையேதான் சொல்வார். உள்ளே போய், செருப்பைக் கழற்றிய பிறகுதான் கைகுலுக்கல், அணைப்பு எல்லாம்.

மறுநாள் ஊர் சுற்றல். 1233இல் டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மன் சிலுவைப்போர்ப் படையினர் நிறுவிய ஊர். 1454இல் ஊர்மக்களே திரண்டு அவர்களுடைய கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். அந்த இடிபாடு இன்றும் வீஸ்வா ஆற்றங்கரையோரம் கிடக்கிறது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோபர்னிக்கஸ் பிறந்தது இங்கேதான், 1473இல். சதுக்கத்தில் அவர் சிலை நிற்கிறது. பூமியை அசைத்தவர், சூரியனையும் வானத்தையும் நிறுத்தியவர் என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். மகள் படித்துச் சொன்னபோது உடம்பு சிலிர்த்தது. சாய்ந்த கோபுரத்தையும் பார்த்தோம். அதன் சுவரில் குதிகாலை ஒட்டி நின்று கையை முன்னால் நீட்டினால் நிற்க முடியாது. பாவமற்றவர்கள் மட்டும் நிற்பார்களாம்!

ஆனால் எனக்குத் தோருன் என்றால் அந்த வீட்டுச் சமையலறைதான். பாட்டியை எல்லோரும் 'பாப்ச்சா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். இந்த ஊர் பல நூற்றாண்டுகளாகப் 'பியெர்னிக்' என்ற தேன் ரொட்டிக்குப் பேர்போனது. அதைச் செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்தார். தேனைச் சூடாக்கி, கம்புபோல மங்கிய நிறத்திலிருந்த, ரை என்ற தானியத்தின் மாவில் ஊற்றிப் பிசைந்தார். பட்டை, கிராம்பு, ஏலம் எல்லாம் சேர்ந்ததும் எங்கள் வீட்டுப் பொங்கல் நாள் வாசனை வந்துவிட்டது. அவருடைய அம்மா வைத்திருந்த மர அச்சு ஒன்று, கைபட்டுக் கைபட்டு ஓரமெல்லாம் வழவழப்பாகிவிட்டது. அதில் எண்ணெய் தடவி மாவைக் கட்டைவிரலால் அழுத்தினார். கவிழ்த்துத் தட்டியதும் பூவேலைப்பாடுள்ள ஒரு இதயம் பலகையில் விழுந்தது.

கடைசியாக ஒரு டப்பாவைத் திறந்து என் மூக்கருகே நீட்டி, "இம்பிர்" என்றார். சுக்குப்பொடி! இந்த இம்பிரும் ஆங்கில ஜிஞ்சரும் ஒரே சொல்லின் பிள்ளைகள். கிரேக்கம், லத்தீன் வழியாகப் பின்னோக்கிப் போனால் 'இஞ்சி வேர்' என்ற நம் பக்கத்துச் சொல்லில் போய் நிற்கும் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இஞ்சி அந்தக் காலத்தில் கப்பலேறி, ஆறேறி, பால்டிக் கடல் வணிகர் கைமாறி வந்திருக்கிறது; பேரும் கூடவே வந்திருக்கிறது. "இஞ்சி" என்று நான் சொல்லிக் காட்டினேன். "இஞ்சி, இம்பிர், இஞ்சி" என்று பாப்ச்சா பாடம்போலத் திரும்பத் திரும்பச் சொன்னார். என் கண் கலங்கிவிட்டது.

கிளம்பும்போது ஒரு டின் நிறைய பியெர்னிக் கொடுத்தார், வீட்டுக்குள்ளே வைத்துத்தான். ஊர் வந்த கையோடு சுக்கும் மிளகும் வாங்கிப் பார்சல் போட்டேன். அப்புறம் ஒரு வாரம் கழித்து மகளின் போனுக்கு ஒரு படம் வந்தது: அதே மர அச்சு, பக்கத்தில் நம் ஊர்ச் சுக்கு.